தனியே ஓடுகிறது, இறக்குமதி செய்தால் முரண்டு பிடிக்கிறது: பைத்தான் கோப்புகளுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

முனையத்தில் நேரடியாக இயக்கும்போது சொன்னபடி கேட்கும் பைத்தான் கோப்பு, இன்னொரு நிரலுக்குள் இறக்குமதி செய்ததும் முரண்டு பிடிக்கும். சில கோப்புகள் இதற்கு நேர்மாறு: மாட்யூலாக (மற்ற நிரல்கள் இறக்குமதி செய்யும் கோப்பாக) நன்றாகப் பயன்படும், தனியே இயக்கினால் முதல் சில வரிகளிலேயே விழுந்துவிடும். ஒரே கோப்பை இரு விதமாகவும் பயன்படுத்த நினைப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சந்திக்காமல் தப்ப முடியாது. உங்களுக்கு வந்த அறிகுறிக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் அடுத்த சில பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

ஒரு கோப்பை இறக்குமதி செய்தால் பைத்தான் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இயக்குகிறது. "டெஃப்" என்று தொடங்கும் வரி வந்தால் செயற்கூறு உருவாகும், அதன் உடல் ஓடாது. மற்ற எல்லா வரிகளும் அப்போதே, அங்கேயே ஓடும். நேரடி இயக்கத்திலும் இதேதான் நடக்கிறது. வேறுபடுபவை மூன்று. முதலாவது, நேரடியாக இயக்கினால் "__நேம்__" என்ற மாறியின் மதிப்பு "__மெயின்__". இறக்குமதி செய்தால் மாட்யூலின் பெயர். இரண்டாவது, மாட்யூல்களைத் தேடும் பாதைப் பட்டியலில் முதலிடம் எந்த அடைவுக்கு என்பது. மூன்றாவது, அந்த மாட்யூல் எந்தப் பெயரில் பதிவாகிறது என்பது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்து கிளைத்தவை.

நிரல் வரிகளைப் பற்றி ஒரு குறிப்பு. பைத்தானின் சொந்தச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும். மாறி, செயற்கூறு, கோப்பு ஆகியவற்றின் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், பைத்தான் 3 அவற்றை ஏற்கும். கோப்பு நீட்டிப்பை ".பை" என்று குறித்திருக்கிறேன்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது:

பைத்தான் -சி "இம்போர்ட் வெப்பம்"

"வெப்பம்" என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இட்டு, கோப்பு இருக்கும் அடைவில் நின்று இதைத் தட்டுங்கள். எதுவும் அச்சாகாமல், எதையும் கேட்காமல், உடனே முனையம் திரும்ப வேண்டும். ஒரு சொல் அச்சானாலும், ஒரு கோப்பு உருவானாலும், இரண்டு வினாடி தயங்கி நின்றாலும் ஏதோ ஒரு வரி தன் இடத்தில் இல்லை. இறக்குமதி ஓசையின்றி முடிய வேண்டும் என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

இறக்குமதி செய்ததுமே முழு வேலையும் ஓடிவிடுகிறது

"வெப்பம்.பை" என்ற கோப்பு, வெப்பநிலை அளவுகள் வரிக்கு ஒன்றாக இருக்கும் உரைக்கோப்பைப் படித்துச் சராசரி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வடிவம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

இம்போர்ட் சிஸ்
கோப்பு = ஓப்பன்(சிஸ்.ஆர்க்வி[1])
எண்கள் = [ஃப்ளோட்(வரி) ஃபார் வரி இன் கோப்பு]
பிரிண்ட்(சம்(எண்கள்) / லென்(எண்கள்))

மேலே சொன்ன சோதனையை இதில் செய்தால் "இன்டெக்ஸ்எரர்" வரும். நாம் எந்தக் கோப்புப் பெயரும் தரவில்லை, ஆனாலும் இரண்டாவது வரி ஓடி, இல்லாத உள்ளீட்டைத் தேடுகிறது. திருத்திய வடிவம்:

இம்போர்ட் சிஸ்

டெஃப் படி(பாதை):
    வித் ஓப்பன்(பாதை) ஆஸ் கோப்பு:
        ரிட்டர்ன் [ஃப்ளோட்(வரி) ஃபார் வரி இன் கோப்பு]

டெஃப் சராசரி(எண்கள்):
    ரிட்டர்ன் சம்(எண்கள்) / லென்(எண்கள்)

டெஃப் மெயின்(உள்ளீடுகள்=நன்):
    இஃப் உள்ளீடுகள் இஸ் நன்:
        உள்ளீடுகள் = சிஸ்.ஆர்க்வி[1:]
    பிரிண்ட்(சராசரி(படி(உள்ளீடுகள்[0])))
    ரிட்டர்ன் 0

இஃப் __நேம்__ == "__மெயின்__":
    சிஸ்.எக்ஸிட்(மெயின்())

இனி இன்னொரு நிரல் "சராசரி"யை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சோதனை எழுதுபவர் மெயினுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து அழைக்கலாம். முனையத்தில் ஒரு எழுத்துகூடத் தட்ட வேண்டாம். உள்ளீடுகளுக்கு "நன்" என்ற இயல்பு மதிப்பு வைத்தது அதற்காகத்தான். முனைய உள்ளீடுகளைப் பிரித்துத் தரும் ஆர்க்பார்ஸ் மாட்யூலைப் பயன்படுத்தினாலும் இதே முறை பொருந்தும்: பார்ஸ்_ஆர்க்ஸ் என்பதற்கு இந்தப் பட்டியலை அப்படியே கொடுங்கள்.

இப்படிச் செய்த பிறகும் இறக்குமதி ஓசையெழுப்பினால், சாதுவாகத் தோன்றும் வரிகளைச் சந்தேகியுங்கள். செயற்கூறின் இயல்பு மதிப்பாக இன்னொரு செயற்கூறின் அழைப்பை எழுதியிருந்தால், "டெஃப்" வரி ஓடும் கணத்திலேயே அந்த அழைப்பும் ஓடிவிடும். கிளாஸின் உடலில் நேரடியாக இருக்கும் வரிகளும், செயற்கூறுகளுக்கு மேல் இடும் டெகரேட்டர்களும் அப்படியே. மாட்யூலின் மேல்மட்டத்தில் லாக்கிங் அமைப்பை மாற்றும் வரியும் நடப்பு அடைவை மாற்றும் வரியும் இவற்றைவிடக் கெடுதலானவை. அவை எதையும் அச்சிடுவதில்லை. உங்கள் மாட்யூலை இறக்குமதி செய்தவரின் நிரலை எங்கோ தொலைவில் குலைத்துவிடும். அவை மெயினுக்குள் போக வேண்டும்.

இயக்கினால் எதுவுமே நடக்கவில்லை

பிழைச்செய்தி இல்லை, வெளியீடும் இல்லை. கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். வலப்பக்கச் சரத்தில் அடிக்கோடுகளை விட்டுவிட்டு "மெயின்" என்று மட்டும் எழுதியிருக்கலாம். அது செல்லுபடியாகும் ஒப்பீடுதான், ஒருபோதும் உண்மையாகாது, அவ்வளவுதான். அடைப்புக்குறி இல்லாமல் மெயின் என்று மட்டும் எழுதியிருந்தால், செயற்கூறைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டதோடு சரி, அழைப்பு நடக்காது. அந்த "இஃப்" வரியே மேலே உள்ள செயற்கூறின் உள்தள்ளலில் சிக்கியிருந்தாலும் இதே அமைதிதான்.

தனியே ஓடும்போது சரி, இறக்குமதி செய்து அழைத்தால் நேம்எரர்

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய அறிகுறி, ஏனென்றால் காவல் வரியை, அதாவது "இஃப் __நேம்__" என்று தொடங்கும் வரியை, ஒழுங்காக எழுதியவர்களுக்கும் வருகிறது.

டெஃப் மிகை(எண்கள்):
    ரிட்டர்ன் [எண் ஃபார் எண் இன் எண்கள் இஃப் எண் > எல்லை]

இஃப் __நேம்__ == "__மெயின்__":
    எல்லை = 40
    பிரிண்ட்(மிகை([38, 41, 43]))

நேரடியாக இயக்கினால் 41, 43 என்று வரும். இன்னொரு நிரல் இதை இறக்குமதி செய்து "மிகை"யை அழைத்தால் "எல்லை" என்ற பெயரே இல்லை என்று பைத்தான் கைவிரிக்கும். "இஃப்" தொகுதி மாறிகளுக்குத் தனி வரம்பு வகுப்பதில்லை; அதற்குள் உருவாகும் மாறி மாட்யூல் முழுவதற்கும் உரிய மாறி. நேரடி இயக்கத்தில் அது இருக்கும். இறக்குமதியில் அந்தத் தொகுதி ஓடாததால் மாறியும் பிறக்காது.

"எல்லை = 40" என்ற வரியைக் கோப்பின் மேலே தூக்கி வைத்தால் பிழை மறைந்துவிடும். எல்லை உண்மையிலேயே மாறாத எண்ணாக இருந்தால் அதில் தவறில்லை. பயனர் தரும் மதிப்பாக இருந்தால் அதைச் செயற்கூறின் அளவுருவாக்குங்கள்: மிகை(எண்கள், எல்லை). காவல் தொகுதியில் மெயினை அழைக்கும் ஒரு வரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். மெயினுக்குள் உருவாகும் மாறிகள் அதற்கு வெளியே தெரியாது. எனவே இப்படிப்பட்ட மறைமுகச் சார்பு நேரடி இயக்கத்திலேயே, எழுதியவரின் கண்முன்னேயே பிடிபட்டுவிடும்.

மாட்யூலே கிடைக்கவில்லை, அல்லது வேறு எதுவோ கிடைக்கிறது

முதலில் பெயரைப் பாருங்கள். "வெப்ப-அளவு.பை" என்ற கோப்பைத் தனியே இயக்கலாம், ஆனால் "இம்போர்ட்" வரியில் அந்தக் கோடு கழித்தல் குறியாகிவிடும். எண்ணில் தொடங்கும் பெயருக்கும் இதே கதி. அடிக்கோட்டுக்கு மாறிவிடுங்கள்.

அடுத்து, உங்கள் கோப்புக்கு "ராண்டம்", "ஈமெயில்", "லாக்கிங்" போன்ற பெயர் இருக்கிறதா? நேரடியாக இயக்கும்போது அந்தக் கோப்பின் அடைவு தேடும் பட்டியலின் தலையில் வந்து உட்காரும். எனவே பைத்தானோடு வரும் மாட்யூலுக்கு முன்னால் உங்கள் கோப்பு அகப்படும். பைத்தான் 3.13 முதல் பிழைச்செய்தியே இதைக் கண்டுபிடித்துக் கோப்பின் பெயரை மாற்றச் சொல்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாட்யூலின் "__ஃபைல்__" மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் எந்தக் கோப்பு வந்து சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். பைத்தான் 3.11-இல் வந்த "-பி" என்ற பெரிய எழுத்து விருப்பம் அந்த அடைவைப் பட்டியலில் சேர்க்காமலே இயக்கும். அப்போது பிழை மறைந்தால் பெயர் மோதல் உறுதி.

இந்தக் கட்டத்தில் பலரும், முன்பு மொழிமாற்றிய நிரலைப் பைத்தான் சேமித்து வைக்கும் "__பைகேஷ்__" அடைவை அழிக்க ஓடுகிறார்கள். மூலக் கோப்பின் திருத்த நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் பைத்தான் அங்கிருப்பதைப் பயன்படுத்துகிறது. அது குற்றவாளியாக இருப்பது அபூர்வம்.

"பெற்றோர் தொகுப்பு தெரியவில்லை" என்ற இம்போர்ட்எரர்

"வானிலை" என்ற தொகுப்பு (பேக்கேஜ், அதாவது பல மாட்யூல்கள் சேர்ந்த அடைவு) ஒன்றில் "வெப்பம்.பை", "படிப்பான்.பை" இரண்டும் இருக்கின்றன. வெப்பத்தின் முதல் வரி "ஃப்ரம் .படிப்பான் இம்போர்ட் படி". வெளியிலிருந்து இறக்குமதி செய்தால் எல்லாம் சரி. அடைவுக்குள் போய் "பைத்தான் வெப்பம்.பை" என்று தட்டினால், பெற்றோர் தொகுப்பு அறியப்படாத நிலையில் சார்பு இறக்குமதிக்கு முயன்றதாகப் பைத்தான் சொல்லும்.

பெயருக்கு முன்னுள்ள புள்ளி "நான் இருக்கும் தொகுப்பிலிருந்து" என்று சொல்கிறது. கோப்பை நேரடியாக இயக்கும்போது அதன் பெயர் "__மெயின்__" மட்டுமே, தொகுப்பு எதுவும் இல்லை. எனவே புள்ளி எதைச் சுட்டுகிறது என்பது பைத்தானுக்குத் தெரிய வழியில்லை. தொகுப்பின் அடைவுக்கு ஒரு படி மேலே நின்று இப்படி இயக்குங்கள்:

பைத்தான் -எம் வானிலை.வெப்பம்

கடைசியில் ".பை" கூடாது, சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி. இப்போதும் "__நேம்__" மாறி "__மெயின்__" என்றே இருக்கும், காவல் தொகுதி ஓடும். ஆனால் "__பேக்கேஜ்__" என்ற மாறியில் "வானிலை" என்று பதிவாகிவிடுவதால் புள்ளிக்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. தேடும் பட்டியலின் தலையில் கோப்பின் அடைவுக்குப் பதிலாக நீங்கள் நிற்கும் அடைவு வரும். ஒரு படி மேலே நிற்கச் சொன்னதற்கு அதுவே காரணம்.

புள்ளியை எடுத்துவிடுவது, கோப்பின் தலையில், மாட்யூல்களைத் தேடும் பட்டியலான சிஸ்.பாத்தில் ஓர் அடைவைத் திணிப்பது என்று இரண்டு குறுக்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது நேரடி இயக்கத்தைச் சரிசெய்து இறக்குமதியைக் கெடுக்கும். இரண்டாவது இரண்டையும் சரிசெய்வதுபோல் காட்டிவிட்டு, அடுத்து வரும் அறிகுறிக்கு வாசலைத் திறந்துவிடும். தொகுப்பு அடைவுக்குள் ஸ்கிரிப்ட்களை வைத்து நேரடியாக இயக்கும் பழக்கத்துக்கு வசதி செய்து தரும் முன்மொழிவு ஒன்று 2007-இல் வந்தபோது, அந்தப் பழக்கமே தவறு என்று பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதை நிராகரித்தார். அவர் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

கிளாஸ் ஒன்றேதான், ஆனால் இஸ்இன்ஸ்டன்ஸ் "பொய்" என்கிறது

இந்தப் பட்டியலில் ஆளைத் திணறடிப்பது இதுதான். ஒரு பொருள் குறிப்பிட்ட கிளாஸைச் சேர்ந்ததா என்று பார்க்கும் இஸ்இன்ஸ்டன்ஸ் செயற்கூறு, இல்லை என்கிறது. மாறியின் மதிப்பை மாற்றினால் இன்னொரு இடத்தில் பழைய மதிப்பே தெரிகிறது. நீங்களே வரையறுத்த பிழை வகையை "எக்ஸெப்ட்" பிடிக்க மறுக்கிறது. நிரலை எத்தனை முறை படித்தாலும் குற்றம் தெரியாது, ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியும் தவறில்லை.

வெப்பம்.பை நேரடியாக ஓடுகிறது. அது "அறிக்கை" என்ற மாட்யூலை இறக்குமதி செய்கிறது. அறிக்கையோ, "அளவீடு" என்ற கிளாஸ் வேண்டும் என்று வெப்பத்தை இறக்குமதி செய்கிறது. ஏற்கெனவே ஏற்றிய மாட்யூல்களைப் பைத்தான் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியில் பெயர்வாரியாகக் குறித்து வைத்திருக்கும். அங்கே "__மெயின்__" இருக்கிறது, "வெப்பம்" இல்லை. ஆகவே அதே கோப்பைப் பைத்தான் மறுபடி முழுவதுமாக இயக்கி, "வெப்பம்" என்ற பெயரில் இரண்டாவது பிரதியை உருவாக்குகிறது. இப்போது அளவீடு என்ற கிளாஸும் இரண்டு, மேல்மட்ட மாறி ஒவ்வொன்றும் இரண்டு.

ஒரே வரியில் உறுதிசெய்யலாம்: சந்தேகத்துக்குரிய பொருளின் டைப் என்ன என்று இரண்டு இடங்களிலும் அச்சிடுங்கள். ஓரிடத்தில் "__மெயின்__.அளவீடு" என்றும் இன்னோர் இடத்தில் "வெப்பம்.அளவீடு" என்றும் வந்தால் வேறு சான்று வேண்டாம். சிஸ்.பாத்தைத் திருத்தியவர்களுக்கு "வெப்பம்.அளவீடு", "வானிலை.வெப்பம்.அளவீடு" என்று வரலாம், நோய் அதேதான்.

நேரடியாக இயக்கும் கோப்பை வேறு எவரும் இறக்குமதி செய்யாதபடி பார்த்துக்கொள்வதே நிலையான மருந்து. தொகுப்புக்குள் "__மெயின்__.பை" என்று ஒரு கோப்பு வைத்து இரண்டே வரிகள் எழுதுங்கள்:

ஃப்ரம் .வெப்பம் இம்போர்ட் மெயின்
ரெய்ஸ் சிஸ்டம்எக்ஸிட்(மெயின்())

இனி "பைத்தான் -எம் வானிலை" என்றால் போதும். வெப்பம் எப்போதும் "வானிலை.வெப்பம்" என்ற ஒரே பெயரில்தான் ஏறும்.

பைத்தான் பொருள்களைச் சேமித்து வைக்கும் பிக்கிள் கோப்புகளைத் திறக்கும்போது, "__மெயின்__" மாட்யூலில் இந்த கிளாஸ் இல்லை என்று வரும் பிழையும் இதன் கிளைதான். பிக்கிள் கிளாஸின் உடலைச் சேமிப்பதில்லை; மாட்யூல் பெயரையும் கிளாஸ் பெயரையும் மட்டுமே குறித்துக்கொள்கிறது. நேரடியாக ஓடிய கோப்பில் பிறந்த கிளாஸ் என்றால் "__மெயின்__" என்றே எழுதிவைக்கும். திறப்பவரின் "__மெயின்__" வேறு கோப்பு.

"பாதி ஏற்றப்பட்ட மாட்யூல்" என்ற செய்தி

பைத்தான் 3.8 முதல் பிழைச்செய்தியே சுற்று இறக்குமதியாக இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறது, அதாவது இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று இறக்குமதி செய்கின்றன. இரண்டு மாட்யூல்களுக்கும் பொதுவானதை மூன்றாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். இறக்குமதியைச் செயற்கூறுக்குள் இறக்குவது தற்காலிக நிவாரணம்.

திருத்திய நிரல் எடுபடவில்லை

ஊடாடு முனையத்திலோ ஜூபிட்டரிலோ இருக்கிறீர்கள். இரண்டாவது முறை "இம்போர்ட்" என்று தட்டினால் பைத்தான் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. சிஸ்.மாட்யூல்ஸ் அகராதியில் இருப்பதையே எடுத்துத் தரும். இம்போர்ட்லிப் மாட்யூலின் ரீலோடு செயற்கூறு மறுபடி இயக்கும். ஆனால் "ஃப்ரம் வெப்பம் இம்போர்ட் சராசரி" என்று முன்பே எடுத்து வைத்த பெயர் பழைய செயற்கூறையே பிடித்துக்கொண்டிருக்கும். அமர்வை மூடித் திறப்பதே பத்திரம்.

விண்டோஸில் மட்டும் நிரல் தன்னைத்தானே மீண்டும் மீண்டும் தொடங்குகிறது

ஒரே நேரத்தில் பல செயல்முறைகளை ஓட்டும் மல்டிபிராசசிங் மாட்யூலைப் பயன்படுத்தியிருப்பீர்கள். விண்டோஸிலும், பைத்தான் 3.8 முதல் மேக்கிலும், புதிய செயல்முறை வெறுமையாகத் தொடங்கி உங்கள் முதன்மைக் கோப்பை "__எம்பி_மெயின்__" என்ற பெயரில் இறக்குமதி செய்கிறது. காவல் தொகுதி இல்லையென்றால், குழந்தைச் செயல்முறையும் புதிய செயல்முறைகளைத் தொடங்கப் பார்க்கும். பைத்தான் அதைத் தடுத்து, தொடக்க நிலை முடியும் முன்பே புதிய செயல்முறைக்கு முயன்றதாக ரன்டைம்எரர் எழுப்பும். லினக்ஸில் இத்தனை நாள் ஓடியதே என்று இருந்துவிட வேண்டாம்: பைத்தான் 3.14-இல் அங்கும் இயல்பு முறை மாறிவிட்டது, இந்தக் காவல் இப்போது அங்கும் தேவை.

தரவுக் கோப்பு காணவில்லை

ஓப்பன் செயற்கூறுக்குத் தரும் வெறும் பெயர், நீங்கள் நிற்கும் அடைவைச் சார்ந்தது. மாட்யூல் எந்த அடைவில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. மாட்யூலோடு கூடவே வரும் கோப்பென்றால், பாத்லிப்பின் பாத்(__ஃபைல்__).பேரன்ட் என்பதிலிருந்து பாதையைக் கட்டுங்கள். பயனர் முனையத்தில் தரும் பாதையை மட்டும் அப்படி மாற்றாதீர்கள். அவர் நிற்கும் இடத்திலிருந்தே அதை எண்ணித் தந்திருப்பார்.

இறக்குமதி செய்த நிரல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது

உள்ளே எங்கோ ஒரு செயற்கூறு சிஸ்.எக்ஸிட் அழைக்கிறது. ஸ்கிரிப்டாக இருந்தவரை அது இயல்பாகத் தெரிந்திருக்கும். மாட்யூலாக ஆனபின், உங்கள் செயற்கூறு ஒன்றை அழைத்த பாவத்துக்கு அடுத்தவரின் முழு நிரலும் மூடப்படுகிறது. "எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்" என்று அவர் வலை விரித்திருந்தாலும் சிக்காது, ஏனெனில் சிஸ்டம்எக்ஸிட் அந்தக் குடும்பத்தில் இல்லை. அதன் நேர்ப்பெற்றோர் பேஸ்எக்ஸெப்ஷன். உள்செயற்கூறுகள் வேல்யூஎரர் போன்ற சாதாரணப் பிழைகளை எழுப்பட்டும். நிரலை முடிக்கும் உரிமை காவல் தொகுதியின் ஒரே வரிக்கு மட்டும் இருக்கட்டும்.

சோதனைகளைத் தொடங்கியதும் பைடெஸ்ட்டின் விருப்பங்களையே "அறியாத உள்ளீடு" என்று சொல்லி நிரல் நின்றால், ஆர்க்பார்ஸின் பார்ஸ்_ஆர்க்ஸ் மேல்மட்டத்தில் ஓடுகிறது. அதையும் மெயினுக்குள் கொண்டுபோங்கள்.

பிப் மூலம் நிறுவிய கட்டளை மட்டும் வேறுமாதிரி நடக்கிறது

தொகுப்பை நிறுவுவதற்கான விவரங்கள் இருக்கும் பைபிராஜெக்ட்.டாம்ல் கோப்பில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் "வானிலை.வெப்பம்:மெயின்" என்று குறித்தால், நிறுவும்போது உருவாகும் சிறிய கட்டளைக்கோப்பு உங்கள் மாட்யூலை இறக்குமதி செய்து, எந்த உள்ளீடும் தராமல் மெயினை அழைத்து, அது திருப்பியதை சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுக்கும். காவல் தொகுதி அங்கே ஓடாது. மெயினுக்கு முன்னால் அந்தத் தொகுதியில் லாக்கிங் அமைப்பையோ வேறு எதையோ வைத்திருந்தால், நிறுவிய கட்டளையில் அது காணாமல் போகும்.

திரும்பும் மதிப்பையும் கவனியுங்கள். வெற்றி என்று எண்ணி மெயின் "ட்ரூ" திருப்பினால் வெளியேறு குறியீடு 1 ஆகும், அதாவது தோல்வி. பட்டியலைத் திருப்பினால் அது பிழை வெளியீட்டில் அச்சாகி, குறியீடு மறுபடியும் 1. நல்லபடியாக முடிந்தால் 0 திருப்புங்கள், அல்லது எதையும் திருப்பாமல் விடுங்கள்.